மயில் கழுத்து நிறத்தில் ஒரு பேனா: பினாங்கு ஈரத்தில் ரெசின் கட்டை வார்க்கும் முறை

பேனா கடைவதற்காக நான் வார்த்த முதல் ரெசின் (ஊற்றி இறுக வைக்கும் செயற்கைப் பிசின்) கட்டையை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஆப்பம் தெரிந்தது. மேலே கண்ணாடிபோல் வழவழப்பு, உள்ளே ஓட்டை ஓட்டையாக நுரை. அக்டோபர் மாதத்து மழை நாள், ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் பின்கட்டு, ஜன்னல்கள் திறந்திருந்தன, கலக்கியது ஐஸ்கிரீம் குச்சியால். இந்த ஊரில் செய்யக்கூடாத அத்தனையையும் ஒரே மாலையில் செய்து முடித்திருந்தேன்.

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே ரெசின் சீக்கிரம் இறுகவில்லை என்று கவலைப்படுகிறார்கள், விளக்கு வைத்துச் சூடேற்றுகிறார்கள். நமக்குக் கதை நேர்மாறு. பகலில் 30 டிகிரிக்கு மேல் வெப்பம், காற்றில் எப்போதும் ஈரம். அவர்கள் சொல்லும் அளவு சரியாக இருக்கும், நேரம் சரியாக வராது. எனவே இங்கே உட்கார்ந்து செய்தவனின் கணக்கில் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு நிறத்தைக் கடைசிவரை கொண்டு போவோம்: மயில் கழுத்து.

லெபு பசார் தெருவின் புடவைக் கடைகளில் இந்த நிறத்தைக் கேட்டால் விற்பவர் புடவையை விரித்து, வெளிச்சத்தில் ஒருமுறை அசைத்துக் காட்டுவார். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் பச்சை, மடிப்பில் ஓர் ஊதா. அந்த அசைவை ரெசினில் கொண்டு வர முடியும். நிறத்தைக் கலந்தால் மட்டும் அது வராது, ஊற்றும் பதத்தில்தான் வரும்.

எந்த ரெசின்?

பேனாக்காரர்கள் பயன்படுத்துவது மூன்று வகை.

பாலியெஸ்டர் மலிவு, தெளிவு, பளபளப்பும் நன்றாக வரும். ஆனால் அதிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தின் வாடை தெருமுனை வரை போகும், அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளில் வாழ்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கடையும்போது சில்லு சில்லாகப் பெயரும். இதற்கான இறுகுபொருள் எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு, சொட்டுக் கணக்கில் சேர்ப்பது, பெரும்பாலும் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடிய பொருள் அது. கோபால்ட் வேகமூக்கியைத் தனியாக வைத்திருப்பவர்கள் அதையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும்.

எபாக்சி வாடை குறைவு, அவசரமில்லை, அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது. இறுக ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். அந்த நிதானமே சிக்கல்: நிறங்கள் நீண்ட நேரம் திரவமாகவே இருப்பதால் ஒன்றோடொன்று கரைந்து, மறுநாள் காலையில் மயில் கழுத்து பாசி பிடித்த குளமாக மாறியிருக்கும்.

மூன்றாவது பாலியூரிதேன். கடைய இனிமையானது, உதிராது, ஓரிரு மணி நேரத்தில் இறுகும். நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் மூன்றிலும் ஈரத்துக்கு அதிகம் பகை இதுதான். இதைக் கலக்கும் இரு பாகங்களில் ஒன்றில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தண்ணீரைக் கண்டால் அது ரெசினாக மாறும் வேலையை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடும், சோடாவில் பொங்கும் அதே வாயு. என் ஆப்பத்தின் கதை அதுதான்.

ஈரத்தை விரட்டுதல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்யலாம், ஈரத்தைச் சரிசெய்ய முடியாது.

குளிர்சாதனம் உள்ள ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள், படுக்கையறை வேண்டாம். வார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இயந்திரத்தை ஓட விடுங்கள். வெப்பமும் குறையும், காற்றிலுள்ள ஈரமும் வடியும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை மேசையில் வையுங்கள். 55 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால்தான் நான் குப்பியைத் திறப்பேன். வெளியே மழை கொட்டினால் அன்றைக்கு வார்ப்பதே இல்லை, வேறு பேனாவுக்குப் பாலிஷ் போடுவேன். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பினாங்கில் மழை குறைவு. ஆண்டுக்குத் தேவையான கட்டைகளில் பாதியை நான் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில்தான் வார்க்கிறேன்.

ரெசின் குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஐஸ் காப்பிக் குவளை போல வியர்க்கும், அந்த வியர்வை உள்ளேயும் போகும். மூடியை இறுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும்.

மரக் குச்சி வேண்டாம். காய்ந்ததுபோல் தெரியும் குச்சியிலும் நம் ஊரில் ஈரம் இருக்கிறது. பிளாஸ்டிக் அல்லது எஃகுக் கரண்டி நல்லது. காகிதக் கோப்பையும் அப்படித்தான். பாலிபுரோப்பிலீன் கோப்பை வாங்குங்கள், இறுகிய ரெசினை மறுநாள் உரித்து எடுத்துவிட்டு அதையே மீண்டும் பயன்படுத்தலாம். பாலியெஸ்டர் வார்ப்பவர்கள் வெள்ளை நுரைக் கோப்பையின் பக்கமே போக வேண்டாம். ஸ்டைரீன் அதைக் கரைத்து மேசையில் ஊற்றிவிடும்.

நிறத் தூளிலும் ஈரம் ஒட்டியிருக்கும். அகலமான தட்டில் பரப்பி, அடுப்புச் சூளையில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறியதும் உடனே புட்டியில் மூடுங்கள். சமையலுக்கான சூளையில் இதைச் செய்ய என் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. பழைய சிறு சூளை ஒன்றைப் பின்கட்டுக்கென்று வாங்க வேண்டியதாயிற்று, அதுவே நல்லதாகப் போயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழாய்க்குக் கெடுதல். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரலாம். துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி, நைட்ரைல் கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். ஊற்றி முடித்து மூடியதும் வெளியேற்றும் மின்விசிறியைப் போடுங்கள், அறையை விட்டு வெளியே வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பாலியூரிதேனைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

அச்சும் அளவும்

சிலிக்கான் அச்சு எளிது. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: அச்சு காற்றழுத்தம் ஏற்றிய கலனில் வார்க்கப்பட்டதா? இல்லையென்றால் சிலிக்கானுக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் இருக்கும். அழுத்தத்தில் அவை சுருங்க, உங்கள் கட்டையின் பக்கமெல்லாம் கொப்புளம் போட்டதுபோல் மேடு மேடாக வரும். எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் காய்கறிப் பலகையை அறுத்துத் திருகாணி போட்டும் அச்சு செய்யலாம். ரெசின் அதில் ஒட்டாது.

கடையில் கிடைக்கும் பித்தளைக் குழாய் வைத்த பேனாத் தொகுப்புகளுக்கு 20 மில்லிமீட்டர் சதுரமும் 130 மில்லிமீட்டர் நீளமும் போதும். கணக்கு எளிது: 2 × 2 × 13, அதாவது 52 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டர் ரெசின் ஏறத்தாழ 1.1 கிராம் என்று வைத்தால் ஒரு கட்டைக்கு 57 கிராம். நான்கு கட்டைக்கு 229. கோப்பையில் ஒட்டிப் போவதையும் சேர்த்து 250 கிராம் கலப்போம். தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும்.

நிறம்

மயில் கழுத்தின் உயிர் மைக்கா தூளில் இருக்கிறது. நம் பாட்டிமார் காக்காப்பொன் என்று சொன்ன அதே அப்பிரகம்தான், பொடித்து மேலே மெல்லிய பூச்சுப் போட்டது. ஒவ்வொரு துகளும் ஒரு தட்டையான செதில். செதில்கள் கண்டபடி மிதந்தால் வெறும் வண்ணம். எல்லாம் ஒரே திசையில் படுத்தால் ஒளி பட்டுத் திரும்பும். சற்றுச் சாய்த்தால் இருளும். கடலில் மத்தி மீன் கூட்டம் திரும்பும்போது ஒரு கணம் மின்னி மறைவதை நினைத்துக்கொள்ளுங்கள். செதில்களைப் படுக்க வைப்பது ரெசினின் ஓட்டம். கெட்டியாகத் தொடங்கிய ரெசின் ஓடும்போது செதில்கள் படுத்த இடத்திலேயே நின்றுவிடும். நீராக ஓடும்போது ஊற்றினால் மீண்டும் கலைந்துவிடும்.

250 கிராமை இப்படிப் பிரியுங்கள்: ஆழ்நீலம் 130, மரகதப் பச்சை 80, ஊதா 40. நீலத்துக்கு 1.3 கிராம் தூள், பச்சைக்கு 0.8, ஊதாவுக்கு 0.6. கூடுதலாகப் போட்டால் நிறம் கூடாது, கட்டை மாவாகிவிடும். ஊதாவுக்கு நான் போடுவது நிறம் மாறும் வகை மைக்கா. புட்டியில் பார்த்தால் வெறும் வெள்ளைத் தூளாக இருக்கும். பின்னால் இருட்டு இருந்தால்தான் அது தன் நிறத்தைக் காட்டும். அதனால் அந்தக் கோப்பையில் மட்டும் ஊசிமுனை அளவு கறுப்பு ரெசின் வண்ணம் சேர்க்கிறேன். தண்ணீரில் கரையும் சாயமோ உணவுச் சாயமோ வேண்டாம். ஏன் என்பது மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு நேரச் சிக்கனம்: இரு பாகத்தையும் கலந்த பிறகு தூளைப் போட்டுத் திண்டாடாதீர்கள். ஐசோசயனேட் இல்லாத பாகம் எது என்று குப்பியின் எச்சரிக்கை எழுத்தில் பாருங்கள். அதை மூன்று கோப்பைகளில் முதலில் நிறுத்து, தூளைப் போட்டு, கட்டியில்லாமல் நிதானமாகக் கலக்கி வையுங்கள். எடைக்குச் சமமாகக் கலக்கும் ரெசினாக இருந்தால் நீலத்துக்கு 65, பச்சைக்கு 40, ஊதாவுக்கு 20 கிராம். இதுவரை கடிகாரம் ஓடவில்லை, தேநீர்கூடக் குடித்துவிட்டு வரலாம்.

பதம்

அடுத்த பாகத்தைச் சேர்த்த கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குப்பியில் 12 நிமிடம் என்று அச்சிட்டிருக்கும். அது மிதமான வெப்பத்தில் அளந்தது. பத்து டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும். பினாங்கு மதியத்தில் குளிர்சாதனம் இல்லாமல் செய்தால் 7 நிமிடத்தைத்தான் நம்பலாம்.

ஆகவே முதலில் இவை தயாராக இருக்கட்டும்: அச்சு மட்டமாக, பிரஷர் பாட் (காற்றழுத்தம் ஏற்றும் கலன்) திறந்து, கம்ப்ரஸர் காற்று நிரப்பி. நான் ஒருமுறை ஊற்றிய பிறகு மூடியின் ரப்பர் வளையத்தைத் தேடினேன். நாய்க்குட்டி அதை அஞ்சடிக்கு, வீட்டு முன் நடைபாதைக்கு, கொண்டுபோய்க் கடித்துக்கொண்டிருந்தது.

மூன்று கோப்பையிலும் இரண்டாம் பாகத்தை நிறுத்து ஊற்றி, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம், ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். அடிக்காதீர்கள், காற்று சேரும். பிறகு காத்திருங்கள். இதுதான் கடினமான வேலை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பதத்துக்கு ஒரு நொடி முன்னால் இறக்கினால் ஒன்று, ஒரு நொடி பின்னால் இறக்கினால் வேறொன்று. ரெசினும் தன் சூட்டில் தானே ஏறும். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைக் கோப்பைக்கு மேலே பிடித்துக்கொண்டிருங்கள். நான் பயன்படுத்தும் ரெசினில் 38 டிகிரிக்குக் கீழே ஊற்றினால் நிறங்கள் கரைந்து ஒன்றாகின்றன. 43 முதல் 46 வரை மயில் கழுத்து: நிறங்கள் ஓரத்தில் குழைந்து நடுவில் தனித்து நிற்கும். 50 நெருங்கினால் கோடு கோடாகப் பிரியும், பாட் மூடுவதற்குள் கோப்பையிலேயே இறுகிவிடும் அபாயமும் உண்டு. உங்கள் ரெசினுக்கு எண் மாறும். முதல் மூன்று வார்ப்பிலும் எண்ணைக் குறித்து வையுங்கள். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் தேன்போல் நூலாக இறங்க வேண்டும். அது எந்த ரெசினுக்கும் பொருந்தும் அடையாளம்.

பதம் வந்ததும் நீலக் கோப்பைக்குள் பச்சையை ஓர் ஓரமாக இறக்குங்கள், அதன்மேல் ஊதாவை நூலாக விடுங்கள். கலக்காதீர்கள். அப்படியே அச்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்து ஊற்றுங்கள். மெல்லிய கம்பியால் நீளவாக்கில் ஒரே ஒருமுறை இழுங்கள். இரண்டாவது முறை இழுக்கக் கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அழுத்தம்

அச்சைப் பிரஷர் பாட்டுக்குள் இறக்கி, மூடியின் திருகுகளை எதிரெதிராக முறுக்கி, 45 பி.எஸ்.ஐ. வரை காற்றேற்றுங்கள். இது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு கூடுதல், மொத்தம் நான்கு மடங்கு. குமிழியின் கன அளவு நான்கில் ஒன்றாகச் சுருங்கும், ஒரு பகுதி கரைந்தும்விடும். கண்ணுக்குத் தெரியாமல் போவது அப்படித்தான். ரெசின் இறுகும் முன் காற்றைத் திறந்துவிட்டால் சுருங்கியவை திரும்ப உப்பும். மூன்று மணி நேரமாவது விடுங்கள். நான் இரவு முழுக்க விட்டுவிடுகிறேன். எபாக்சி என்றால் அது முழுமையாக இறுகும்வரை.

பெயிண்ட் தெளிப்புப் பாட்டை மாற்றிப் பயன்படுத்துபவர்கள் உண்டு. பாட்டின் மேல் அச்சிட்ட அழுத்த எல்லையை மீறாதீர்கள், பாதுகாப்பு வால்வை அடைக்காதீர்கள், முள் பூச்சியத்துக்கு வரும்வரை ஒரு திருகைக்கூடத் தளர்த்தாதீர்கள். வெற்றிடப் பம்ப் இதற்கு மாற்று ஆகாது. அது மரத்துக்குள் பிசின் ஏற்றும் வேலைக்கு.

ஒரு கிளைக்கதை: பாக்கு

தீவின் பெயரே பாக்குத் தீவு என்பதுதான், பூலாவ் பினாங். கொட்டைப்பாக்கைக் குறுக்கே வெட்டினால் வெள்ளையும் காவியும் கலந்த ஒரு பளிங்கு வரி தெரியும், எந்த வண்ணத் தூளாலும் வரையமுடியாத வரி. அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவி, சூளையில் 100 டிகிரியில் காய வைத்து, மணிக்கொருமுறை நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடை ஒன்றாக வந்தால்தான் ஈரம் போயிற்று. சூட்டோடு மூடிய புட்டியில் போட்டு ஆற விடுங்கள். திறந்து வைத்தால் பினாங்குக் காற்று ஒரே இரவில் மறுபடி ஈரம் ஏற்றிவிடும். அச்சின் அடியில் இரண்டு சொட்டுப் பசையால் ஒட்டிவிட்டு, அரக்கு நிறத்தில் ரெசினை ஊற்றுங்கள், இல்லையென்றால் மிதக்கும். பதத்துக்குக் காத்திருக்காமல் இளகலாகவே ஊற்ற வேண்டும், சந்துகளில் புக வேண்டுமே.

பாலிக் புலாவ் ஜாதிக்காயிலும் இதைப் போன்ற வரி இருக்கிறது, முயன்றேன். எண்ணெய்ச் சத்து நிறைந்த கொட்டை. ரெசின் பிடிக்கவில்லை, கடையும்போது சில்லாகத் தெறித்தது. வீடு முழுக்கப் பிரியாணி மணம் வந்ததுதான் மிச்சம்.

துளையிட்டுக் கடைதல்

அச்சிலிருந்து எடுத்த கட்டையை உடனே கடையாதீர்கள். ஒரு வாரம் கிடக்கட்டும், முழு வலுவும் அப்போதுதான் வரும்.

பித்தளைக் குழாயைவிட மூன்று மில்லிமீட்டர் நீளமாக அறுத்து, மெதுவான சுற்றில் துளையிடுங்கள். மெல்லிய பேனா வகைக்கு 7 மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டர் இறங்கியதும் வெளியே இழுத்துத் துகளைத் தட்டுங்கள், தொட்டுப் பார்த்து ஆறவிடுங்கள். சூடேறினால் உள்ளே ரெசின் இளகி அலகைக் கவ்வும், அல்லது வெளியே வெடிப்பு விடும். மறுமுனை வழியே அலகு வெளிவரும் இடத்தில்தான் சில்லு பெயரும். அதனால் முனைக்குச் சற்று முன் நிறுத்தி, மீதியை அறுத்துத் துளையைத் திறந்துகொள்ளலாம்.

துளையின் உட்புறத்துக்கும் குழாயின் மேலும் ஆழ்நீல வண்ணம் பூசுங்கள். இதை விட்டுவிட்டால் கடைந்து மெலிந்த இடத்தில் பித்தளை மஞ்சளாகப் பல்லிளிக்கும். காய்ந்ததும் எபாக்சிப் பசையால் குழாயை ஒட்டி ஒரு நாள் விடுங்கள்.

கடைசல் இயந்திரத்தில் கூரிய உளியே எல்லாம். கார்பைடு உளியை மூக்குச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் ரெசின் இடியாப்பம்போல் நீள நூலாகச் சுருண்டு வரும். பொடியாகத் தெறித்தால் உளி மழுங்கிவிட்டது. நூல் கட்டையைச் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுங்கள், ஓடும்போது விரலை விடவே விடாதீர்கள்.

400, 600 உப்புத்தாள். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் இயந்திரத்தை நிறுத்தி நீளவாக்கில் ஒருமுறை தேயுங்கள், வட்டக் கீறல் மறையும். பிறகு 1500 முதல் 12000 வரை போகும் ஒன்பது மெத்தைத் தாள்கள், தண்ணீர் தொட்டு. இங்கே தண்ணீர் நல்லது, ஒருவழியாக. கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ். நிறம் கண் திறப்பது 4000 அளவில்தான், அதுவரை மங்கலாக இருந்தால் மனம் தளர வேண்டாம்.

ரெசின் வருவதற்கு முன் நல்ல பேனாக்கள் எபோனைட்டில் கடையப்பட்டன. 1921இல் வந்த பார்க்கர் டூயோஃபோல்டு அப்படிப்பட்ட சிவப்பு எபோனைட்தான். 1924இல் ஷீஃபர் செல்லுலாய்டுக்கு மாறியது. எபோனைட் என்பது கித்தாப் பாலும் (ரப்பர் பால்) கந்தகமும். தாத்தா தோட்டத்தில் மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு அதை நினைக்கும்போது ஒரு சின்ன நிறைவு வருகிறது, ரெசின் கையில் இருக்கும்போதும்.

மிச்சம்

கோப்பையில் தங்கும் ரெசினைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு சிறு அச்சை வைத்து, ஒவ்வொரு முறையும் மீதியை அதில் வழித்து விடுங்கள். அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். ஊற்றுமுன் பழைய அடுக்கை உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டால் புதியது நன்றாகப் பிடிக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கதம்பக் கட்டை. எட்டு வார்ப்புகளில் ஒரு கட்டை நிறைகிறது. மயில் கழுத்துப் பேனாவை அம்மா எடுத்துக்கொண்டார், புடவைக்குப் பொருந்துகிறதாம். என் சட்டைப் பையில் இருப்பது கதம்பம்.